பிரம்புக் கதிரையா, சுழல் கதிரையா: முதுகுக்கு எது?

வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப் பேர். கதிரை வாங்கப் போனால் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறோம்: நடுத்தர விலையில் கிடைக்கும் சக்கரம் வைத்த சுழல் கதிரை, அல்லது தச்சரிடம் சொல்லிச் செய்விக்கும் கைபிடி வைத்த பிரம்புக் கதிரை. இரண்டிலும் இருந்து வேலை செய்திருக்கிறேன். இப்போது நான் பிரம்பின் பக்கம். பிளாஸ்டிக் கதிரையைக் கணக்கில் எடுக்கவில்லை. கலியாண வீட்டில் சாப்பிட்டு எழும்பும்வரை அது போதும்.

முதலில் முதுகு. கீழ் முதுகின் ஐந்து முள்ளெலும்புகளும் உள்நோக்கி வளைந்து நிற்பவை. கூனி இருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து அந்த வளைவு தட்டையாகிறது. ஸ்வீடனில் அல்ஃப் நாகெம்சன் என்ற எலும்பு வைத்தியர் 1960களில் டிஸ்க்குக்குள் (முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் தட்டு) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட இருப்பதில்தான் அழுத்தம் கூட என்றார். 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒருவரிடம் அளந்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. சாய்ந்திருந்தபோது அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆக, "நிமிர்ந்து இரு" என்று அப்பு அதட்டியதில் பாதிதான் சரி. சாய்மானம் இருக்கையோடு 100 முதல் 110 பாகைக் கோணம் வரும்படி பின்னால் சரிந்து, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு முட்டும் இருந்தால் முதுகுத் தசைக்கு ஓய்வு.

இதையெல்லாம் சுழல் கதிரை முதல் நாளே தந்துவிடும், உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அது என்ன வடிவத்தில் இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வெக்கைக்கும் மாரிகால ஈரத்துக்கும் ரெக்சின் உரியும். அது கண்ணுக்குத்தான் கேடு. முதுகைக் கெடுப்பவை வேறு. இருக்கைப் பஞ்சு நடுவில் அமுங்கிக் குழியாகும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காஸ் சிலிண்டரின் சீல் தேய்ந்தால் ஆள் இருக்க இருக்கக் கதிரை கீழே இறங்கும். இரண்டாலும் வருவது ஒன்றுதான்: முழங்கால் இடுப்புக்கு மேலே போகும், இடுப்பெலும்பு சரியும், காசு கொடுத்து வாங்கிய முட்டு முதுகில் படாது. என்னுடையதில் சிலிண்டர்தான் முதலில் போனது. வாங்கிய கடையில், "கொழும்பிலயிருந்து வரோணும்" என்றார்கள். வரவேயில்லை.

பிரம்பும் தொய்யும், தொய்ந்தால் அதே குழி, அதே கூனல். ஆனால் சட்டம் அப்படியே நிற்கும், பின்னலை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பின்னுவிக்கலாம். தொய்வு தொடங்கும்போதே அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, யாரும் இருக்காமல் காயவிட்டால் பிரம்பு இறுகிக்கொள்ளும். இழை அறுந்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. கரண்ட் போய் ஃபான் நின்ற மத்தியானத்தில் அடியால் காற்று வருவது தனிச் சுகம்.

பிரம்புக் கதிரையின் பெரிய குறை, உயரம் ஒன்றுதான். வழக்கமான 18 அங்குலம் எனக்குக் கூட. பாதம் நிலத்தில் முழுதாகப் படாது. கதிரையின் காலைக் குறைக்கக் கேட்டேன். தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "தம்பி, வெட்டினாப் பிறகு ஒட்டேலாது. மேசை என்ன உயரம் எண்டு முதல் பாருங்கோ" என்றார். மேசை 30 அங்குலம். கதிரையை இறக்கினால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்ச வேண்டிவரும். எனவே காலை விட்டுவிட்டு, பாதம் வைக்க ஒரு சரிவுப் பலகை செய்து தந்தார். இருக்கையின் ஆழத்தை மட்டும் குறைத்தோம்: விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் மூன்று விரல். ஆழம் கூடிய கதிரையில் விளிம்பு இடிக்க இடிக்க ஆள் முன்னால் நகர்ந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுத்தான். முட்டுக்குச் சுருட்டிய துவாய். நழுவும், நாடா தைத்துக் கட்டியிருக்கிறேன்.

எதில் இருந்தாலும் அரை மணிக்கொருதரம் எழும்ப வேண்டும். வலி காலுக்கு இறங்கினால், கால் விறைத்தால், கதிரைக் கடைக்கல்ல, வைத்தியரிடம் போங்கள்.

விலை கூடிய வலைமுதுகுக் கதிரைகளில் கடையில் இருந்து பார்த்ததோடு சரி. பஞ்சில்லாததால் அவை நின்றுபிடிக்கக்கூடும். ஒரே கதிரையை வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பாவிக்கிறீர்கள் என்றால் சுழல் கதிரைதான். வாங்கும்போதே சிலிண்டர் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.