நான் எழுதிய செக்கை அழித்த கம்பைலரோடு 8 வருஷம்

சி மொழியில் எழுதித்தான் பிழைப்பு, பெரும்பாலும் சின்ன போர்டுகளில் ஓடும் நிரல்கள். அதை மெஷின் மொழியாக மாற்றும் கம்பைலர் ஜிசிசி; அதை ஓ2 ஆப்டிமைசேஷனோடு, அதாவது கோடை வேகமாக்கித் தரும் நிலையில், 8 வருஷமாக ஓட்டுகிறேன். வேகத்திலும் கோட் அளவிலும் குறையே சொல்ல மாட்டேன். பார்த்துப் பார்த்து எழுதிய பாதுகாப்புச் செக்கை (தப்பான எண் வந்தால் தடுக்கும் இஃப் வரியை) அது சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவிடுவதுதான் என் பிரச்சினை.

முதல் அடி ஒரு நீளச் சரிபார்ப்பில் விழுந்தது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் நீளம் ஒரு இன்ட் (2147483647 வரை மட்டுமே கொள்ளும் முழு எண்), அதோடு 100 கூட்ட வேண்டும், கூட்டினால் 2147483647-ஐத் தாண்டி மைனஸில் விழுமோ என்று பயந்து, 'நீளம் + 100 < நீளம்' என்றால் பாக்கெட்டை நிராகரி என்று எழுதியிருந்தேன். ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டில் கச்சிதமாகப் பிடித்தது. ஓ2 போட்ட ரிலீஸ் பில்டில் அதே பாக்கெட் உள்ளே புகுந்து மெமரியைக் கலைத்தது. ஹார்டுவேர் ஆளோடு இரண்டு நாள் சண்டை போட்ட பிறகு, கம்பைலர் உண்மையில் உண்டாக்கிய மெஷின் கட்டளைகளைக் காட்டும் டிஸ்அசெம்பிளியைத் திறந்தால், அந்த இஃப்பே அங்கே இல்லை!

சைன்ட் எண் (மைனஸும் வரக்கூடிய எண்) ஓவர்ஃப்ளோ ஆனால், அதாவது தன் எல்லையைத் தாண்டினால், என்ன நடக்கும் என்று சி தரம் வரையறுக்கவில்லை. அதனால் அது நடக்கவே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். நடக்காதென்றால் 100 கூட்டிய எண் எப்போதுமே பெரிது, செக் எப்போதுமே பொய், ஆகவே வெட்டு. தப்பு என்னுடையதுதான், கிணற்றில் குதித்துவிட்டு ஆழம் கேட்டிருக்கிறேன். கூட்டுவதற்கு முன்னாலேயே 'நீளம் > இன்ட்மேக்ஸ் - 100' (இன்ட்மேக்ஸ் என்பது அந்த 2147483647) என்று கேட்டிருக்க வேண்டும்.

லினக்ஸ் கெர்னலும் 2009-இல் இப்படி மாட்டியது என்று படித்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதல். அதன் டன் என்கிற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்டரை (மெமரி முகவரியை) முதல் வரியில் பயன்படுத்திவிட்டு, அப்புறம்தான் அது பூஜ்யமா என்று கேட்டிருந்தார்கள். பயன்படுத்தியாகிவிட்டது, இனி அது பூஜ்யமாக இருக்க முடியாது என்று ஜிசிசி செக்கை நீக்கிவிட, அதை வைத்து ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், பிடிக்கும் தாக்குதல் நிரல் வெளியானது. பூஜ்யச் செக்கை நீக்காதே என்கிற ஃபிளாகோடுதான் (கம்பைலருக்குக் கொடுக்கும் அமைப்பு) அதன் பிறகு கெர்னலை பில்ட் செய்கிறார்கள்.

நான் என்ன செய்து பார்த்தேன்? முதலில் எஃப்-ராப்வி ஃபிளாக். ஓவர்ஃப்ளோ ஆனால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போ என்று கம்பைலருக்கு உத்தரவு. என் நிரல்களில் வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை, நிம்மதியாக இருந்தேன். ஆனால் அந்த ஃபைலை இன்னொரு பிராஜெக்டுக்கு யாரோ காப்பி செய்தார்கள், அங்கே ஃபிளாக் இல்லை, பழைய பேய் திரும்பி வந்தது. இப்போது ஃபிளாக்கையும் வைத்திருக்கிறேன், அதை நம்பி எழுதுவதில்லை. இப்படி வெட்டும்போது எச்சரிக்கும் ஃபிளாக்கின் மேல் நிலைகளையும் முயன்றேன், ஒழுங்கான கோடுக்கும் சேர்த்துக் கத்தியதால் ஒரு மாதத்தில் அணைத்துவிட்டேன்.

கைக்குப் பிடித்தது பில்டின் ஆட் ஓவர்ஃப்ளோ என்கிற, கம்பைலருக்குள்ளேயே இருக்கும் ஃபங்ஷன், ஜிசிசி 5 முதல் இருக்கிறது. கூட்டி விடையையும் தரும், தாண்டியதா என்றும் சொல்லும், தாண்டினாலும் என்ன விடை என்று வரையறுத்திருப்பதால் அந்தச் செக்கை வெட்டாது. சி மொழியின் புதிய தரமான சி23-இல் சிகேடி ஆட் என்று தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

கடவுச்சொல்லை மெமரியில் அழிக்க மெம்செட் (மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் ஃபங்ஷன்) போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் பிறகு அந்த இடத்தை யாரும் படிக்கவில்லை என்றால் மெம்செட்டும் வீண் வேலை என்று போய்விடும். எக்ஸ்ப்ளிசிட் பிசீரோ இதற்காகவே இருக்கிறது, லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சியில் 2.25 முதல்.

டெஸ்டில் யூபிசானை வைத்திருக்கிறேன், தரம் வரையறுக்காத செயல்களை ஓடும்போதே பிடிக்கும் கருவி. எந்த வரியில் ஓவர்ஃப்ளோ என்று நறுக்கென்று சொல்கிறது, பழைய கோடில் நான் சந்தேகமே படாத இடங்களைக் காட்டிக்கொடுத்தது. என் போர்டில் மட்டும் அதன் ரன்டைம் லைப்ரரி ஏறவில்லை. லைப்ரரி இல்லாமல், தப்பு நடந்ததும் நிரலை நிறுத்தும் டிராப் முறையில் ஓட்டினால் சாதனம் ரீஸ்டார்ட் ஆகிறது, எங்கே விழுந்தது என்று சொல்வதில்லை. அதனால் ரிலீஸுக்கு முன்னால் பாக்கெட் படிக்கும் மூன்று ஃபங்ஷன்களை மட்டும் டிஸ்அசெம்பிளி காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் திறந்து, என் இஃப் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.