பாறைச் சிப்பியா, காயல் ஆளியா: யாருடைய சல்லடை தேர்ந்தது?

குளச்சல், முட்டம் பக்கம் அலை மோதும் பாறைகளில் நார்களை வீசிப் பற்றியிருப்பது பழுப்புச் சிப்பி. 1976-இல் 'பெர்னா இண்டிகா' என்று பெயர் சூட்டப்பட்டது இதற்குத்தான். ஆளி, அதாவது ஆய்ஸ்டர், கழிமுகத்துக்காரன்; தன் ஓட்டையே கல்லோடு ஒட்டிக்கொண்டு வாழ்கிறது.

இரண்டுக்கும் செவுள்தான் மூச்சு, செவுள்தான் சல்லடை. செவுள் இழைகளில் உள்ள நுண்மயிர்கள் துடித்து நீரை இழுக்கின்றன. அதில் வரும் நுண்பாசிகளை வேறு மயிர்கள் மடக்கிப் பிடிக்க, சளியோடு சேர்ந்து அவை வாயை நோக்கி நகர்கின்றன.

பொடி இரையைப் பிடிப்பதில் சிப்பிக்கே என் வாக்கு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு அளவுள்ள துகளைக்கூட அது ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துவிடும். ஆளியிடம் அவ்வளவு சிறியவை ஓரளவு நழுவிப் போகின்றன.

ஆனால் பிரித்தறிவதில் ஆளியை மிஞ்ச முடியாது. சிப்பியின் செவுள் தட்டையானது. பிடித்ததையெல்லாம் கீழ் விளிம்புப் பள்ளத்தில் இட்டு வாயருகே உள்ள மடல்களுக்கு அனுப்புகிறது. தரம் பார்ப்பது அங்கேதான். ஆளியின் செவுளோ புடவைக் கொசுவம்போல் மடிப்பு மடிப்பானது. மடிப்பின் பள்ளம் வழியே நல்ல இரை மேலேறுகிறது, வண்டல் முகடு வழியே கீழிறங்குகிறது. செவுளிலேயே சலிப்பு தொடங்கிவிடுகிறது! வேண்டாததை இரண்டுமே சளியில் உருட்டி, விழுங்காமலே வெளியே தள்ளுகின்றன.

அதனால் மழைக்காலத்தில் மணக்குடிக் காயல்போலக் கலங்கும் நீருக்கு ஆளியையே தேர்வேன். சாக்கடை கலக்கும் இடமென்றால் இரண்டையும் சமையலுக்கு எடுக்கமாட்டேன். நீரிலுள்ள கிருமிகளும் அதே சல்லடையில்தான் தங்குகின்றன.