சேலம் ஐந்து ரோடு பக்கத்துக் கண் மருத்துவமனையில் கண்புரைப் பரிசோதனை

இங்கே பலமே, புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கான அளவெடுப்புதான். கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. பிசகினால் லென்ஸ் பவர் 2.5 டயாப்டருக்கு (லென்ஸ் பவரின் அலகு) மேல் தவறும். அதனால் கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கிறார்கள். முற்றிய புரையில் ஒளி நுழையாது, அப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதன் முனை கருவிழியை அழுத்தினால் நீளம் குறைவாகக் காட்டும், அந்த அளவில் லென்ஸ் வைத்தால் பிறகு தூரப் பார்வை மங்கும். பலமுறை அளந்து ஒப்பிடுகிறார்கள், நல்ல பழக்கம்.

கான்டாக்ட் லென்ஸை அளவெடுப்புக்குச் சில நாள் முன்பே கழற்றச் சொல்லி போனிலேயே எச்சரிக்கலாம், செய்வதில்லை. கண் பாப்பா (கருவிழி நடுவில் தெரியும் கரும்புள்ளி) விரியச் சொட்டு மருந்து விட்டு 30 நிமிடம் காத்திருப்பு, சர்க்கரை இருந்தால் கூடுதல். மருந்துக் கடை சுமார்.

ஏற்காட்டுக்காரர்களே, கண் பாப்பா விரிந்த கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறாதீர்கள். நாலைந்து மணி நேரம் கூசும்.