மழைக்கால மும்பையில் கிட்னி மாற்றிக்கொண்டவனுக்குக் காய்ச்சல் வந்தால்

மழைக்காலத்தில் மும்பை வேண்டாம் என்று டொராண்டோ நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னார். அத்தை பெண் கல்யாணத்தை ஆவணியில் வைத்துவிட்டார்கள், நான் என்ன செய்ய? சிறுநீரக மாற்று முடிந்த முதல் வருஷம் வெளிநாட்டுப் பயணம் கூடாது என்பார்கள். அந்த வருஷம் கழிந்துவிட்டது. செம்பூருக்குக் கிளம்பினேன். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். இது, மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் டேக்ரோலிமஸ் மாத்திரை டப்பாவோடு ஊருக்குப் போகிறவர்களுக்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏற்பாடு மும்பையில் அருமை. முந்தைய இரவு செயலியில் பதிவு செய்தால் காலையில் பையன் வாசலில் நிற்கிறான். வந்தவன் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிப் பையன். ஊசியை எடுப்பதற்கு முன்பே, "காலை மாத்திரை போட்டுட்டீங்களா அண்ணே? லெவல் பாக்கணும்னா போடக்கூடாது" என்றான். டேக்ரோலிமஸ் அளவை அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்புதான் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்தான், என் கண்ணெதிரே நேரத்தை எழுதினான். அன்று இரவே முடிவு கைப்பேசியில் வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காய்ச்சல். 101தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் காய்ச்சல் முழுசாகத் தலை தூக்காது. தெர்மாமீட்டரில் குறைவாகக் காட்டுகிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. பேட்டை டாக்டர் ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொன்னார். வெள்ளணுவும் குறைவு, தட்டணுவும் குறைவு. "டெங்குதான். இந்த பில்டிங்லயே நாலு பேருக்கு இருக்கு" என்றார். அதற்குள் அம்மா காய்கறிக்காரரிடம் பப்பாளி இலை சொல்லிவிட்டாள், நிலவேம்புக் கஷாயமும் அடுப்பில் ஏறிவிட்டது. எங்கள் மருந்துகளோடு எந்தக் கஷாயம் எப்படிச் சண்டை போடும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, அதனால் வேண்டாம் என்றேன். அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

டெங்குவைச் சந்தேகித்ததில் டாக்டரின் தப்பு எதுவுமில்லை. ஆகஸ்ட் மும்பையில் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்கு அதே முகத்தோடு இன்னொருவனும் வருவான், சிஎம்வி என்ற சைட்டோமெகலோவைரஸ். அக்கி, சின்னம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்ப் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து, சத்தமில்லாமல் தங்கியிருக்கும். ஆரோக்கியமாக இருப்பவரை ஒன்றும் செய்யாது. மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்கள் வால்கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து அடக்கி வைப்பார்கள். அதை நிறுத்திய பிறகு சிலருக்குத் தலை தூக்கும். அப்போதும் காய்ச்சல், அசதி, வயிற்றுப்போக்கு, வெள்ளணு இறக்கம், தட்டணு இறக்கம். போதாக்குறைக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க நாம் போடும் மைகோஃபினோலேட்டும் வெள்ளணுவைக் குறைக்கும். மூன்றில் எது என்று ரத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

டெங்குக்கான என்எஸ்1 சோதனையில் இல்லை என்று வந்தது, மலேரியாவும் இல்லை. மாட்டுங்காவில் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தேன். நிரம்பி வழிந்த கூடத்தில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பில் விஷயத்தைச் சொன்னதும், வெளியே காரில் இருங்கள், முறை வரும்போது போன் செய்கிறோம் என்றார்கள். கேட்காமலே செய்திருக்கலாம், கேட்டதும் செய்தார்களே, அதுவரை சரி. டாக்டர் சிஎம்விக்கு பிசிஆர் எழுதினார், ரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்ததால் பிகே வைரஸுக்கும் ஒரு பிசிஆர். லண்டனில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு நோயாளியின் சிறுநீரில் கண்டுபிடித்து 1971இல் அறிவித்த வைரஸ் அது, பெயரும் அவருடைய முதலெழுத்துகள்தான். மாற்றுச் சிறுநீரகத்தையே அரித்துவிடும். அதற்கென்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை, எதிர்ப்பு அடக்கும் மருந்தைக் குறைப்பது ஒன்றே வழி. நல்லவேளை, எனக்கு அது இல்லை.

கூத்து நடந்தது லேபில். கவுன்ட்டர் பெண் நல்ல தமிழில் சொன்னார்: "சிஎம்வின்னா டார்ச் பேனல்தான் சார், எல்லாரும் அதான் எடுக்கிறாங்க."

"எல்லாரும்னா?"

"மாசமா இருக்கிறவங்க."

டார்ச் பேனல் என்ற சோதனைத் தொகுப்பு பார்ப்பது எதிர்ப்பொருளை. வைரஸ் எப்போதோ உடம்பில் புகுந்ததற்கு அடையாளம் அது. எனக்கு அது இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். இப்போது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு ஓடுகிறது என்று சொல்வது பிசிஆர் அளவுச் சோதனை மட்டும்தான். டாக்டர் சீட்டை மூன்று பேர் பார்த்து, தலைமை லேபுக்குப் போன் போட்டு, கடைசியில் எடுத்தார்கள். மறுநாள் இரவு முடிவு வந்தது, ஒரு மில்லிக்கு ஆயிரக்கணக்கில். சிஎம்விதான்.

அடுத்தது மருந்து. தெருமுனை கெமிஸ்ட்டில் வால்கான்சைக்ளோவிர் கேட்டால் வால்அசைக்ளோவிரை எடுத்து வைத்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அடித்துச் சொன்னார். ஒன்றே இல்லை. வால்அசைக்ளோவிர் அக்கிக்குத் தருவது, சிஎம்வி நோயைக் குணப்படுத்தாது. பெட்டியில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு வாங்குங்கள். பரேலில் பெரிய மருத்துவமனைகளை ஒட்டிய கடைகளில் 450 மில்லிகிராம் ஜெனரிக் உடனே கிடைத்தது. அளவை என் சிறுநீரக வேலைத்திறனைக் கணக்கிட்டு டாக்டர் எழுதினார், மைகோஃபினோலேட்டைப் பாதியாகக் குறைத்தார். வால்கான்சைக்ளோவிர் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ கூடாது, கர்ப்பமாக இருப்பவர்கள் உடைந்ததைத் தொடவும் கூடாது.

டேக்ரோலிமஸ் தீரும் நிலை என்றால் அதே தயாரிப்பையே வாங்குங்கள். ஒரு வேளை போடும் வகையையும் இரு வேளை போடும் வகையையும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாற்றினால் லெவல் தாறுமாறாகும்.

அப்புறம் வாரா வாரம் பிசிஆர், எண் இறங்கிக் காணாமல் போகும்வரை. லேபுகள் ஒரே அளவுகோலில் பேசட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சிஎம்விக்கு ஒரு பொதுத் தரமாதிரி வகுத்தது. இருந்தும் லேபுக்கு லேப் எண் வேறுபடுகிறது. அதனால் விலை சல்லிசாக இருக்கிறதென்று வேறு லேபுக்குத் தாவவில்லை. சோதனை, மருந்து, டாக்டர் மூன்றும் மும்பையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, டொராண்டோவை விட வேகமாகவும் நடக்கின்றன. ஒன்றையொன்று கோத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அங்கே எனக்கென்று ஒரு நர்ஸ் இருக்கிறார், எண் ஏறினால் அவரே கூப்பிடுவார். இங்கே ஒவ்வொரு முடிவையும் நானே டாக்டருக்கு வாட்ஸ்அப்பிலும் டொராண்டோவுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, பதில் வரும்வரை நச்சரித்தேன்.

திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் 'நோய் நிலையாக இருந்த காலம்' என்ற விதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு ஒரு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்திருந்தாலே பல நிறுவனங்களுக்கு அது நிலையில்லாத நோய். கிளம்பும் முன் எனக்கு டேக்ரோலிமஸை அரை மில்லிகிராம் குறைத்திருந்தார்கள். பில்கள் இன்னும் அவர்கள் பரிசீலனையில் இருக்கின்றன.