வினாடி வினா தளமா, எச்5பி கோப்பா?

பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்தில் ஆண்டு 4 பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். இரட்டைக்கிளவிப் பயிற்சிகளை இயங்கலை வினாடி வினா தளத்திலும் செய்திருக்கிறேன், ஊடாடும் பயிற்சிகளுக்கான இலவசக் கோப்பு வடிவமான எச்5பியிலும் (H5P) செய்திருக்கிறேன். இப்போது நான் எச்5பி கட்சி.

வேகம், அழகு, வகுப்பில் எழும் கூச்சல் எல்லாவற்றிலும் தளம்தான் முந்தும். அதில் வாதமே இல்லை.

என்னை இந்தப் பக்கம் தள்ளியது பராமரிப்பு. ஓராண்டு சந்தா கட்டி 60 பயிற்சிகள் சேர்த்தேன். சந்தா முடிந்ததும் எதையும் திருத்த முடியவில்லை. ‘கலகல’ என்பதை ‘களகள’ என்று அடித்திருந்தேன்; அது அப்படியே நின்றது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தோழி, “டீச்சர், அதை அனுப்புங்க, என் பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிறேன்” என்றார். வெறும் இணைப்பைத்தான் அனுப்ப முடிந்தது.

எச்5பியில் கோப்பே நம் கையில். அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்: உள்ளே படம், ஒலி, கேள்விகள். லூமி என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, பயிற்சி வகைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். அப்புறம் இணையம் இல்லாமலே திருத்தலாம். தோழிக்குக் கோப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினேன். மூன்று கேள்விகளை மாற்றினார், என் இன்னொரு பிழையையும் பிடித்தார். திருத்திய கோப்பு எனக்கே திரும்பி வந்தது. உரிமம் குறிக்கவும் அதிலேயே இடம் உண்டு. நான் ‘சிசி பை’ (CC BY) போடுகிறேன்: என் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் மாற்றிக்கொள்ளலாம்.

மலேசியத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் 2011இல் மாறியது, 2017இல் சீரமைக்கப்பட்டது, 2027இல் மறுபடியும் மாறுகிறது. ஒரு பழமொழி ஆண்டு 4இலிருந்து 5க்குப் போனால், எனக்கு ஐந்து நிமிட வேலை. ஆசிரியர் அறை அலமாரியில் கிடக்கும், ஃபிளாஷ் மென்பொருளில் செய்த குறுவட்டுகளை யார் திருத்துவது? 2020 இறுதியோடு ஃபிளாஷே நின்றுவிட்டது.

எச்5பியின் முகம் கொஞ்சம் வறட்சிதான். லூமியிலிருந்து எச்டிஎம்எல் (இணையப்பக்கக்) கோப்பாக ஆக்கி அனுப்பினால் புள்ளிகள் தானாக என்னிடம் வந்து சேராது; மூடல் (Moodle) போன்ற கற்றல் மேலாண்மைத் தளத்தில் ஏற்றினால் பதிவாகும். அதை நான் ஒரே வகுப்பில்தான் செய்து பார்த்தேன், ஆகவே பள்ளி முழுவதற்கும் ஒத்துவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இன்னொன்று: பழைய எழுத்துருவில் உள்ள பயிற்றியை அப்படியே ஒட்டாதீர்கள், வெறும் கிறுக்கல்தான் வரும். யூனிகோடில் அடியுங்கள்.

தளத்தின் இலவசக் கணக்கை இன்னும் மூடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு அது வேண்டியிருக்கிறது.