கிராவூர் ரோலரில் லேமினேஷன் பசை: நாள்பட ஓட்டினால் தெரிவது

பெட் (PET) பிளாஸ்டிக் ஃபிலிமில் பாலியூரித்தேன் பசையை எத்தில் அசிடேட்டில் கரைத்துப் பூசி, உலர்த்தி, பாலி (பாலிஎத்திலீன்) ஃபிலிமோடு ஒட்டுவதற்கு, மேற்பரப்பில் நுண்குழிகள் பொறித்த கிராவூர் ரோலர் நம்பகமான முறை. புது ரோலர் போட்ட முதல் சில மாதம் தொந்தரவே இருக்காது. தலைவலி அதற்குப் பிறகுதான்.

ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டரில் விழும் பசையின் கிராம் எடை, ரோலரின் குழியில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 20 மில்லி பிடிக்கும் ரோலர், ஃபிலிமுக்கு விடுவது ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 10 கிராம் ஈரப்பசை. திடப்பொருள் 30 சதவீதம் என்றால் காய்ந்தபின் 3 கிராம். ரோலர் மேலுள்ள மிச்சப் பசையை வழிக்கும் டாக்டர் பிளேடு உரசி உரசிக் குழி ஆழம் குறையும். சரியாகக் கழுவாத பசை குழியடியில் இறுகும். எப்படியானாலும் ஜிஎஸ்எம் சத்தமில்லாமல் இறங்கும். உடனே பசையைக் கெட்டியாக்குவதுதான் பல இடங்களில் வழக்கம். எடை ஏறலாம், ஆனால் கெட்டிப்பசை பரவாமல் குழியின் தடம் புள்ளிபுள்ளியாக நிற்கும், ஃபிலிம் மங்கும்.

அதனால் பசையின் கெட்டித்தன்மையை அளக்கும் கப்பை மட்டும் நம்பாமல் எடை போட வேண்டும். உலர்ந்த பசைப்பக்கத்தில், அச்சில்லாத இடமாகப் பார்த்து (மை இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும்) 10×10 சென்டிமீட்டர் வெட்டி நிறுத்து, பசையை எத்தில் அசிடேட்டால் துடைத்து, மறுபடி நிறுக்கவும். வித்தியாசம் 0.030 கிராம் என்றால் 3 ஜிஎஸ்எம். இடம், நடு, வலம் மூன்றிலும் எடுங்கள். ஒரு ஓரம் மட்டும் குறைந்தால் ஃபிலிமை கிராவூர் ரோலரோடு அழுத்தும் ரப்பர் ரோலரின் அழுத்தத்தைப் பாருங்கள்.

நீளக்கோடு விழுந்தால் பிளேடைக் கழற்றுமுன் ஒரு நிமிடம் கவனியுங்கள். பிளேடின் ஆட்டத்தோடு கோடும் பக்கவாட்டில் நகர்ந்தால், பிளேடில் பல் விழுந்திருக்கும் அல்லது துணுக்கு சிக்கியிருக்கும். அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் ரோலரில் கீறல். பிளேடு மாற்றிப் பயனில்லை.

டிரையரில் முதல் பகுதியைச் சூடாக்கி ஸ்பீடு கூட்ட நினைப்பது தப்பு. மேலே ஆடை கட்டி, கரைப்பான் உள்ளே மாட்டிக் குமிழ் வரும். 60, 70, 80 டிகிரி என ஏறுமுகமாக வையுங்கள். ஒட்டு பிடிக்காமல் பசை பிசுபிசுத்தே இருந்தால், கரைப்பானில் ஈரமோ மையில் ஆல்கஹாலோ, பசையை இறுகவைக்கும் ஹார்டனரைத் தின்றிருக்கும். மழைக்காலத்தில் டிரம் மூடியைத் திறந்துபோடாதீர்கள்.

சிப்ஸ் பாக்கெட் மாதிரி சாதாரண வேலைக்குக் கரைப்பானில்லாத முறையே செலவு குறைவு, 1.5 ஜிஎஸ்எம் போதும், டிரையரும் வேண்டாம். ரிட்டார்ட் பைக்கு (உணவை உள்ளே வைத்து மூடி, அதிகச் சூட்டில் கிருமிநீக்கம் செய்யும் பை) கிராவூரையே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் ரோலரைக் கழுவ ஆளிருந்தால் மட்டும். ராத்திரி முழுக்கக் காய்ந்து இறுகிய பசையை மறுநாள் எத்தில் அசிடேட் கரைக்காது.