பக்கத்து வீட்டுத் தொல்லைக்கு 14416-க்குக் கூப்பிடலாமா?

கூப்பிடலாம், அது அரசின் மனநல உதவி போன் நம்பர். ஆனால் எதற்குக் கூப்பிடுகிறோம் என்று தெரிந்து கூப்பிட வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறோம், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு அம்மாவின் மகனுக்கு, நாங்கள் மோட்டார் போட்டால் கரண்ட் சுவர் வழியாக வந்து தன்னைத் திட்டுகிறது என்று ஒரு எண்ணம். நடு ராத்திரியில் வந்து எங்கள் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார், ஏன் என்று கேட்டால் ஷீட் மேல் கல் விழும். தெருவில் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார், இன்னொருத்தர் கட்டிப் போடச் சொன்னார். 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் தீயில் 28 பேர் செத்தார்கள், 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது, இன்னமும் இப்படிப் பேசுகிறார்கள், என்னத்தைச் சொல்ல.

14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபரில் வந்தது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை. நான் புகார் சொல்கிற குரலில்தான் ஆரம்பித்தேன், அந்தப் பக்கம் இருந்த பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க சரியா தூங்குறீங்களா சார்?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அப்புறம் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது: "அவர் சொல்றது பொய்னு வாதாடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா இருக்குதுன்னு புரியுதுங்கன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுங்க." செய்து பார்த்தோம். கல் உடனே நிற்கவில்லை, ஆனால் கத்தல் குறைந்தது. மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி செய்து மாட்டினோம், அது எங்கள் சொந்த யோசனை.

இதே நம்பரை அந்த அம்மாவிடமும் கொடுத்தேன். "நான் சொன்னா மாத்திரை போட மாட்டேங்கிறான் தம்பி, வெளிய சொன்னா கேவலம்" என்று அழுதார்கள். அவர்கள் பேசிய பிறகு, தன் சொந்தத் தம்பியைத் துணைக்கு வரவழைத்து, மகனை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே பலருக்கு மனநலம் என்றாலே பெங்களூரு நிமான்ஸ் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், ஊரிலேயே டாக்டர் இருப்பது தோன்றாது. இப்போது மாத்திரை ஓடுகிறது, ஆள் அமைதி, எதிரில் பார்த்தால் தலையாட்டுகிறார்.

ஆனால் எங்கள் வீடு அமைதியாகவில்லை. கரண்ட் போனால் போதும், பையன் "அவரு இறக்கிட்டாராப்பா?" என்கிறான். தெருவே இருட்டாகத்தானே இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. மனைவிக்கு ஷீட்டில் தேங்காய் மட்டை விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதற்காக அவளே தனியாக 14416-இல் பேசினாள், என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, தூக்கம் கொஞ்சம் தேவலை என்கிறாள். ஆபத்து முடிந்த பிறகு வருகிற பயத்துக்கும் இந்த நம்பர் உதவுகிறது என்பது எனக்குப் புதுசு.

5-க்கு 4 கொடுப்பேன். மீதி ஒன்று, இது போன் சேவை, வண்டியோ ஆளோ அனுப்ப மாட்டார்கள் என்பதற்காக. கையில் கல்லோ கத்தியோ இருந்தால் முதலில் அவசர நம்பர் 112. மேலே சொன்ன 2017 மனநலச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. போலீஸிடம் பேசும்போது "ரவுடித்தனம்" என்று சொல்லாமல் "மனநோய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்" என்று சொல்லுங்கள், கூடவே அவர் வீட்டுக்காரர் ஒருவரும் நின்றால் வேலை சுலபம்.